பல்செட்டுக்காரரின் சக்கர போல்ட்டுகள்

பல்செட்டுக்காரர் வீடு என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அவர் பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செய்து கொடுப்பவர். வீட்டின் பக்கவாட்டில் நீளமான ஓர் அறை, ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. அதன்மேல் கல்லாக இறுகும் வெள்ளை மாவில் வார்த்த தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். அவரோ அவற்றுக்கு நடுவிலேயே டீ குடிப்பார்.

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் சொன்ன நாளில் மட்டும் கிடைக்காது. முன்பல்லின் ஓரம் ஒரு மயிரிழை தூக்கலாக இருப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டால் போதும், செட்டையே உடைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா கடைசிவரை உதட்டைத் திறக்காமலே எல்லாப் போட்டோவுக்கும் நின்றார். அந்தப் புண்ணியம் இவரையே சேரும். பல் கல்யாணம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அச்சு அசல் பல் என்று அதே மனிதர் பிறகு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று. எவ்வளவு தாமதமானாலும் கடைசியில் எல்லோரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று இவர் நம்பிவிட்டார்.

அவருடைய மனைவியைத் தெருவில் டெலிபோன் அக்கா என்பார்கள். வேலையை விட்டு வெகு காலமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. ஜன்னலே இல்லாத ஒரு கூடத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் யாருடைய அழைப்புகளையோ ஊர் ஊராகச் சேர்த்துவைத்தவர் அவர். மலைமேல் இருந்த ஊருக்கு அப்போதெல்லாம் நேராகப் பேச முடியாது. இங்கிருந்து இவர் கூப்பிட, அங்கிருந்து இன்னொரு பெண் எடுத்து இணைப்புக் கொடுக்க வேண்டும். இருவரும் முகம் பார்த்ததில்லை. லைன் சும்மா இருக்கும் நேரங்களில் மேலே இருந்தவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசுவாள்.

"இப்போ மேகம் ரோட்டுக்குக் கீழே நிக்குதுக்கா. பஸ் மேகத்துக்கு மேலே போகுது. சொன்னா நம்ப மாட்டீங்க."

"நான் இங்க சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன், நீ மேகம் மேகம்னு வயித்தெரிச்சலைக் கொட்டிக்காத."

"ஒரு தடவை வாங்களேன். கடைசி வளைவுல நின்னா எங்க ஆபீஸோட பச்சைக் கூரை தெரியும். அங்க நின்னு கையாட்டுங்க, நான் பார்த்துடுவேன்."

பிறகு இயந்திரங்கள் வந்தன. யாரும் யாரையும் இணைத்துவைக்க வேண்டியதில்லை என்றாயிற்று. இவரை வேறு மேஜைக்கு மாற்றினார்கள். அந்தக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. ஆனால் அந்த வளைவும் பச்சைக் கூரையும் டெலிபோன் அக்காவின் மனதில் அப்படியே தங்கிவிட்டன. வாழ்க்கையில் அவர் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. இதை மட்டும் அடிக்கடி சொல்வார். போகலாம் போகலாம் என்று பல்செட்டுக்காரரும் தலையாட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் கார் வந்தது. பல் டாக்டர் ஒருவர் ஆசை ஆசையாக வைத்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கைகள். உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறோமோ என்று சந்தேகம் வரும். டாக்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏறிவிடுவார், இறக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. பல்செட்டுக்காரருக்கு வாலிபத்திலிருந்தே அந்தக் கார்மேல் ஒரு கண், வாங்கிவிட்டார். பழையதுதான் என்றாலும், வாசலில் வந்து நின்றபோது மனிதர் சின்னப் பிள்ளையைப் போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கார் வந்த கொஞ்ச நாளில் டெலிபோன் அக்கா நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். காபியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினார். கண் டாக்டர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, ஓரப் பார்வை முழுக்கப் போய்விட்டது, நடுவில் இருப்பதுதான் மிச்சம், சொட்டு மருந்து அதைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கும் என்றார். எவ்வளவு காலம் என்று பல்செட்டுக்காரர் கேட்டார். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார்.

"பார்க்கணும்னு நினைக்கிறதை எல்லாம் தள்ளிப்போடாம பார்த்துடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் டெலிபோன் அக்கா அழவில்லை.

"ஏங்க, அந்த மலைக்குப் போயிட்டு வந்துடலாமா?"

"போலாம். நம்ம கார்லயே போலாம். ராணி மாதிரி போற நீ" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை.

மலைப்பாதை என்பதால் டயர்களை மாற்றிக்கொண்டு போகலாம் என்று மச்சினனின் கடைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். மச்சினன் டெலிபோன் அக்காவின் தம்பி. டயர் கடை வைத்திருப்பவன், வாய் ஓயாதவன். சக்கரத்தைக் கழற்றியதும் அவன் வாய் சற்று ஓய்ந்தது.

"மாமா, இங்க வந்து பாருங்க. டாக்டர் பல்லைப் பார்த்த லட்சணத்துலதான் காரையும் பார்த்திருக்கார். ஒரே சக்கரம், போல்ட்டு மட்டும் ஆளுக்கொரு தினுசு."

இந்த மாதிரி கார்களில் சக்கரத்தைப் பிடித்துவைப்பது நட்டு அல்ல, போல்ட்டுதான். போல்ட் தலைக்குக் கீழே தோள் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அந்தத் தோள் சக்கரத்தின் குழியில் போய் உட்கார வேண்டும். குழி வட்டமாக இருந்தால் தோளும் வட்டமாக இருக்க வேண்டும். சரிவான குழி என்றால் சரிவான தோள். முன்னால் வைத்திருந்தவர் கிடைத்ததை எல்லாம் போட்டு முறுக்கிவைத்திருந்தார்.

மச்சினன் கடையின் மூலையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து ஆட்டினான். உள்ளே கலகலவென்று சத்தம்.

"இதே மாதிரி கார்ல கழட்டின செட்டு மாமா. எல்லாம் வட்டத் தோள். மேலாப்புல துருதான், மரை எல்லாம் நல்லா இருக்கு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சா சாயங்காலத்துக்குள்ள வண்டி ரெடி. நாளைக்கே அக்காவைக் கூட்டிட்டுக் கிளம்புங்க."

பல்செட்டுக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். துருப்பிடித்த வாய்க்குள் விரலை விட்டதைப் போல முகத்தைச் சுளித்தார்.

"இதையா? என் கார்லயா?"

"போல்ட்டை யாரு மாமா பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேனே."

அதற்குமேல் மச்சினன் என்ன சொல்வான்? டின் மூலைக்கே போயிற்று. கார் மெதுவாக வீட்டு வாசலுக்கு வந்து, சக்கரங்கள் கழன்று, கட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பல் வேலைக்கு வைத்திருந்த ரோஜா நிற மெழுகை இளக்கி, சக்கரத்தின் குழியில் அழுத்தி அச்செடுத்தார். வட்டக் குழிதான் என்று உறுதியாயிற்று. அளவு கொடுத்துப் புதுப் போல்ட்டுகளை வரவழைத்தார். வந்தவை சரிவுத் தோள். திருப்பி அனுப்பினார். அடுத்து வந்தவை வட்டத் தோள்தான், ஆனால் நீளம் அதிகம். முறுக்கினால் நுனி உள்ளே போய் இடித்தது. அவற்றையும் திருப்பினார். மூன்றாவதாக வந்தவை எல்லா விதத்திலும் பொருந்தின. அன்று மாலையே கிளம்பியிருக்கலாம். ஆனால் அவற்றின் தலை பளபளவென்று மின்னியது. சக்கரமோ மங்கிய வெள்ளி நிறம். இரண்டும் ஒட்டவில்லை என்று இவருக்குப் பட்டுவிட்டது.

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதாங்க தெரியுது" என்றார் டெலிபோன் அக்கா, குனிந்து பார்த்துவிட்டு.

"உனக்குத் தெரியாது" என்றார் இவர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அவரே வந்து பேச்செடுத்தார். "பஸ்ஸுலயே ஒரு நடை போயிட்டு வந்துடலாமே. நேரா மேலயே போகுதாம்."

"வாசல்ல காரை வச்சுக்கிட்டு பஸ்ஸுல இடிபடணுமா? இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொள்வதில் அந்த அம்மாளுக்கு அனுபவம் போதாதா என்ன. பொறுத்துக்கொண்டார்.

இவர் பல்லுக்குச் சாயம் கலக்கும் தட்டில் வெள்ளி நிறத்தைக் கலந்தார். காய்ந்ததும் பார்த்து, இன்னொரு சொட்டு சாம்பல் சேர்த்தார். மரைகளில் பெயிண்ட் படாமல் இருக்க மெழுகு தடவினார். அந்த அளவுக்குக் கவனம். தலைக்கு மட்டும் அடித்துப் பார்த்தபோது, கீழே தோள் மட்டும் மொட்டையாகத் தெரிந்தது. சட்டை போட்டுக்கொண்டு வேட்டி கட்டாத ஆளைப் போல இருக்கிறதே என்று தோளுக்கும் சேர்த்தே அடித்தார். ஒரு பூச்சு அல்ல, பூச்சுக்கு மேல் பூச்சு. பிறகு பல் வேகவைக்கும் அடுப்பில் சூடுகாட்டி எடுத்தார். மேஜையில் தாடைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வைத்தபோது, அடடா, நகைக் கடையில் வைக்கலாம் என்றிருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வருகிறது. பல்செட்டுக்கு வெளிப்பக்கம் எவ்வளவு பாலிஷ் வேண்டுமானாலும் போடலாம், ஈறோடு ஒட்டுகிற உள்பக்கத்தைத் தொடவே கூடாது. தொட்டால் பிடிப்புப் போய்விடும். இது அவர் தொழிலின் முதல் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒட்டும் இடத்தில் எதையும் பூசாதே என்று வாழ்நாளெல்லாம் வாய்க்குச் செய்ததைச் சக்கரத்துக்குச் செய்ய அவருக்குத் தோன்றவில்லை. அழகு கண்ணை மறைத்துவிட்டது.

ஒருவழியாகக் கிளம்பினார்கள். டெலிபோன் அக்கா இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் இருந்த கொஞ்சப் பார்வையை எல்லாப் பக்கமும் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவே இல்லை. இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று இவர் நினைத்துக்கொண்டார். வெயிலில் சக்கரங்கள் ஜோராக மின்னின. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் இவர் தம்ளரோடு போய் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மலையடி தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் முன்சக்கரத்தில் டொக்கென்று ஒரு சத்தம். கல்லாக இருக்கும் என்றார் இவர். அக்கா பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். ஆயுள் முழுக்க லைனில் வரும் கரகரப்பைக் கேட்டே கோளாறைச் சொன்ன காது அது.

"கல்லு இல்லங்க. கல்லுன்னா ஒரே சீராவா வரும்? நிறுத்துங்க."

நிறுத்தி இறங்கிப் பார்த்தார். முன்சக்கரத்தின் போல்ட்டுகள் விரலால் திருகினாலே சுழன்றன. தோளில் அடித்த பெயிண்ட் நசுங்கி, பிரேக்கின் சூட்டில் இளகி, தோல் தோலாக உரிந்திருந்தது. பெயிண்ட் போன இடம் காலி, முறுக்கு அத்தனையும் தளர்ந்துவிட்டது. சக்கரத்தின் குழிகளும் ஆடி ஆடிக் கோணலாகிவிட்டன. திரும்ப முறுக்கி ஓட்ட வழியே இல்லை. உயிர் பிழைத்ததே அந்தக் காதால்தான்.

மச்சினனுக்குப் போன் போட்டார். ஏற்றிப்போகும் வண்டியோடு வருகிறேன், அங்கேயே நில்லுங்கள் என்றான் அவன். இருவரும் ரோட்டோரம் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் மரங்கள்தான் தெரிந்தன. ஊரும் தெரியவில்லை, மேகமும் இல்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு பஸ் முக்கி முனகிக்கொண்டு ஏறி வந்தது. காரின் நிலைமையைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்.

"மேலதான் போறோம். ஏறிக்கிறீங்களா? சீட் இருக்கு."

டெலிபோன் அக்கா கணவரைப் பார்த்தார்.

"ஏறிக்கலாமாங்க? தம்பிதான் வரானே. காரை அவன் பார்த்துக்க மாட்டானா?"

பல்செட்டுக்காரர் காரைப் பார்த்தார். சாவியை அடுத்திருந்த டீக்கடையில் கொடுத்திருக்கலாம். மச்சினனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நடுரோட்டில் சிவப்புக் காரை விட்டுவிட்டு, போகிறவன் வருகிறவன் எல்லாம் தடவிப் பார்க்க...

"இதை இப்படி அநாதையா விட்டுட்டா? கார் ரெடியாகட்டும். அடுத்த வாரமே வருவோம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டோமேங்க."

"மலை எங்க ஓடிப்போகுது?"

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, உள்ளே வைத்து மூடிவிட்டார்.

அடுத்த வாரம் வரவில்லை. கெட்டுப்போன சக்கரத்துக்கு ஜோடி தேட வேண்டியிருந்தது. தேடிக் கிடைத்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழையில் மலைப்பாதை சரிந்து, போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். மலை ஓடிப்போகவில்லைதான். ரோடு ஓடிப்போயிற்று.

மழை விட்டு ஒரு காலை. பல்செட்டுக்காரர் மேஜையில் வேலையாக இருந்தார். ஜன்னல் வழியே நல்ல வெயில். அக்கா வாசற்படியில் வந்து நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"என்னங்க, மேஜையைக் காலி பண்ணிட்டீங்களா? வெள்ளை வெள்ளையா வச்சிருப்பீங்களே, ஒண்ணையும் காணோம்?"

மேஜை நிறையத் தாடைகள் இருந்தன. அவர் கையிலிருந்த பல் நழுவித் தரையில் விழுந்து எங்கோ உருண்டு போயிற்று. அதை அவர் தேடவில்லை.

அதன்பிறகு டாக்டர், சொட்டு மருந்து, வேறு டாக்டர் என்று எல்லாம் நடந்தது. அக்காவுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும், அவ்வளவுதான் என்றானது. பாதையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று, அவர் மச்சினனின் கடைக்குப் போய் நின்றார்.

"அந்த டின்னு இருக்கா?"

மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மூலையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து முன்னால் வைத்தான். இருவரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார்கள். தோளைத் துணியால் துடைத்தார்கள். பெயிண்ட் இல்லை, எண்ணெய் இல்லை. முறுக்கினார்கள். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி முறுக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. வெயில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் பல்செட்டுக்காரர் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"விடுங்க மாமா" என்றான் மச்சினன்.

"ஒரு மத்தியான வேலைடா இது" என்றார் அவர்.

மறுநாள் அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பினார். கடைசி வளைவில் வண்டியை ஓரங்கட்டினார். ரோட்டுக்குக் கீழே நெடுகிலும் மேகம் நின்றது. சொன்னது சொன்னபடி. இறக்கி, கையைப் பிடித்துத் தடுப்புச் சுவர்வரை கூட்டிப் போனார். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

"மேகம் இருக்குதாங்க?"

"இருக்கு. நம்ம காலுக்குக் கீழே."

"எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு."

"எந்த வெள்ளை? பல்லு செய்யறவர் இப்படிப் பொத்தாம் பொதுவாச் சொன்னா எப்படி?"

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பல் நிறங்களுக்கு அவர்கள் தொழிலில் எழுத்தும் எண்ணும் உண்டு, எண் ஏற ஏற நிறம் மங்கும். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டு அக்காவுக்கும் அவை மனப்பாடம்.

"மேலாப்புல ஏ ஒண்ணு. வெயில் படாத இடத்துல ஏ ரெண்டு. அந்த ஓரத்துல, மரத்துக்கிட்ட, சி ரெண்டு. கொஞ்சம் சாம்பல்."

"சிகரெட் பிடிக்கிறவங்க பல்லு மாதிரியா?"

"ஆமா."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "போன்ல அவ உங்களைவிட நல்லாச் சொல்லுவா" என்றார்.

பல்செட்டுக்காரர் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு அந்த பஸ்ஸுல ஏறியிருக்கலாம்."

பரவாயில்லை என்று சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார். எவ்வளவு தாமதமாகப் பல் கொடுத்தாலும் எல்லோரும் கடைசியில் கையைப் பிடித்துக்கொள்ளத்தானே செய்தார்கள்.

"ஆமா, ஏறியிருக்கலாம்" என்றார் டெலிபோன் அக்கா.

அதில் கோபமில்லை. நிஜம் மட்டும் இருந்தது. காற்று வந்து மேகத்தை ஓரத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தது. எதிர்ச் சரிவில் முதலில் ஒரு சுவர் தெரிந்தது, பிறகு ரோடு, பிறகு கூரைகள். வெயில் பளிச்சென்று விழுந்தது.

முகத்தில் வெளிச்சம் மாறியது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"மேகம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"பச்சைக் கூரை தெரியுதாங்க?"

"தெரியுது" என்றார் அவர்.

அக்கா கையை மேலே தூக்கி, அது எந்தப் பக்கம் என்று கேட்காமலே ஆட்டினார். கூரை வலது பக்கம் இருந்தது. அவர் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.